கோர்ட்டுக் கட்டில் கிடக்கும் குலக்கதை

நம் வீடுகளில் இப்போது ஒரு நல்ல வழக்கம் பரவி வருகிறது. குடும்ப சங்கமம் என்று சொல்லி ஒரு மண்டபத்தைப் பிடித்து, மூன்று நான்கு தலைமுறையைக் கூட்டி, வம்சாவளி அச்சிட்ட ஒரு சிறு மலரையும் ஆளுக்கொன்று கொடுக்கிறோம். பாலராமபுரத்திலும் நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் இப்படி வெளியான மலர்கள் சிலவற்றை நான் படித்திருக்கிறேன். மகிழ்ச்சிதான். ஆனால் எந்த மலரை எடுத்தாலும் ஒரே கதைதான். மகாராஜா அழைத்தார், முன்னோர் வந்தார், மரியாதை பெற்றார், பிள்ளை குட்டிகள் பெருகினார்கள். அந்தக் கதையில் சண்டை இல்லை, கடன் இல்லை, பெண்களின் பெயர்கூட இல்லை. இப்படி ஒரு குடும்பம் பூமியில் இருந்திருக்க முடியுமா என்று அச்சிட்டவர்களே ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

உண்மைக் கதை வேறோர் இடத்தில் கிடக்கிறது. பழைய முன்சீப் கோர்ட்டுக் கட்டுகளில் கிடக்கிறது. அடுத்த மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன்பு ஒரு தடவையாவது ரிக்கார்டு அறையின் படியேறிப் பாருங்கள் என்பதே இந்தக் கட்டுரையின் வேண்டுகோள்.

உடனே ஒரு முணுமுணுப்பு எழும் என்பது எனக்குத் தெரியும். கோர்ட்டுப் படி ஏறுவதே குடும்பத்துக்கு இழுக்கு என்று நினைத்தவர்கள் நம் பெரியவர்கள். "கோர்ட்டில் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அப்படிப்பட்ட வழக்குகளை நாமே தேடித் தோண்டுவதா? தோண்டத்தான் வேண்டும். ஏனென்றால் திருமண அழைப்பிதழும் நினைவு மலரும் குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பியதை மட்டுமே சொல்லும். வழக்குக் கட்டோ, குடும்பம் சொல்ல விரும்பாததையும் சேர்த்துச் சொல்லும்.

ஒரு பாகவழக்கை எடுத்துக் கொள்ளுங்கள். சொத்தில் உரிமையுள்ள எல்லோரையும் அதில் கட்சி சேர்த்தாக வேண்டும். தொட்டில் குழந்தையானாலும் ஒரு கார்டியன் பெயரோடு பிரதிவாதியாக வந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயர், வயது, தொழில், வீட்டுப் பெயர், பகுதி, தேசம் எல்லாம் எழுதியிருக்கும். வழக்கு நடக்கும்போதே ஒருவர் இறந்து போனால், அவர் இறந்த தேதியும் வாரிசுகளின் பெயரும் மனுவாக உள்ளே வரும். சொத்து விவரத்தில் நான்கெல்லை சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்கள் கிடைக்கும். கமிஷனர் வந்து அளந்து வரைந்த படம் இருந்தால், எந்த மூலையில் கிணறு, எந்த மூலையில் தறிக்கொட்டகை என்பதுகூடத் தெரியும். எந்தப் பாட்டியும் இவ்வளவையும் ஞாபகமாகச் சொல்ல மாட்டார்.

தெருவும் கோர்ட்டும் ஒரே காலம்

பாலராமபுரத்து நெசவுத் தெருக்களின் கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலராமவர்ம மகாராஜா காலத்தில், திவான் உம்மிணித்தம்பியின் ஏற்பாட்டில், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஏழு சாலியர் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன என்பார்கள். இது வாய்வழிச் செய்தி. இதையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். பலராமவர்மா ஆண்டது 1798 முதல் 1810 வரை. வேலுத்தம்பி தளவாய்க்குப் பிறகு உம்மிணித்தம்பி திவானானது 1809-இல். அரசர் பெயரும் திவான் பெயரும் இரண்டும் சரியென்றால், குடியேற்றம் 1809, 1810 என்ற இரண்டே ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. உம்மிணித்தம்பி திவானாகும் முன்பே சிலர் வந்திருந்தால் கதை கொஞ்சம் மாறும். ஆக, வெறும் கேள்விப்பேச்சு என்று நினைத்ததைக்கூடத் தேதி வைத்துச் சோதிக்க முடிகிறது.

இதற்கு அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியமானது. உம்மிணித்தம்பிக்குப் பிறகு 1811-இல் திவான் பொறுப்பையும் ஏற்ற ரெசிடெண்ட் கர்னல் மன்றோ, பத்மநாபபுரம், திருவனந்தபுரம் உட்பட ஐந்து இடங்களில் ஜில்லா கோர்ட்டுகளை ஏற்படுத்தினார். 1814-இல் அப்பீல் கோர்ட்டு வந்தது. 1830-களில் முன்சீப் கோர்ட்டுகள் வந்தன. 1861-இல் சதர் கோர்ட்டு, 1887-இல் ஹைகோர்ட்டு. அதாவது நம் தெரு உண்டான கையோடு கோர்ட்டும் உண்டாகிவிட்டது. வேலித் தகராறும் கோயில் முறைத் தகராறும் இல்லாத தெரு உலகத்தில் உண்டா? ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு, புதுத்தெரு, விநாயகர் தெரு என்று எந்தத் தெருவில் பிறந்தவரானாலும், உங்கள் முன்னோரில் ஒருவராவது வாதியாகவோ, பிரதிவாதியாகவோ, சாட்சியாகவோ ஒருநாள் அந்தப் படியேறியிருப்பார் என்றே நான் நினைக்கிறேன்.

அச்சிலிருந்து விடுபட்ட ஒருத்தி

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். எங்கள் வம்சாவளியில் என் பாட்டாவின் அண்ணனுக்கு நேராக "சிறுவயதில் காலமானார்" என்று எழுதியிருக்கும். நாங்களும் ஏழெட்டு வயதில் இறந்த பிள்ளை என்றே நினைத்திருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன்பு பரணிலிருந்த பெட்டியில் 1106-ஆம் ஆண்டு ஒற்றி ஆதாரம் ஒன்று கிடைத்தது. வீட்டை ஒற்றி வைத்துப் பணம் வாங்கிய காரணத்தை அதில் எழுதியிருந்தார்கள். இன்ன கோர்ட்டில் இன்ன நம்பர் வழக்கில் உண்டான விதிப்படி ஜீவனாம்ச பாக்கியைத் தீர்க்க என்று இருந்தது. யாருக்கு ஜீவனாம்சம்? வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு போனேன். கட்டு அழிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். தீர்ப்பு மட்டும் இருந்தது. நகலுக்கு மனுப் போட்டு, நாலைந்து தடவை நடந்து வாங்கினேன். சிறுவயதில் காலமானதாக நாங்கள் நினைத்தவர் இருபத்தாறு வயதில் இறந்தவர். பத்தொன்பது வயதில் ஒரு மனைவியை விட்டுப் போயிருக்கிறார். அவர்தான் வாதி. கொழுந்தன்மார் சோறு போடாமல் வெளியேற்றினார்கள் என்று 1103-இல் வழக்குத் தொடுத்து, மாதம் மூன்று ரூபாயும் வீட்டில் ஓர் அறையும் வாங்கியிருக்கிறார். முதல் பிரதிவாதி என் சொந்தப் பாட்டா.

தீர்ப்பு மலையாளத்தில் இருந்தது. பழைய கையெழுத்து எனக்குப் பிடிபடவில்லை. திருவனந்தபுரத்தில் படிக்கும் என் பேத்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள். நான் பொருள் சொன்னேன். ஓரிடத்தில் அவள் நிறுத்தி, "பாட்டா, இது மலையாளம் இல்லையே, தமிழ் மாதிரி இருக்கே" என்றாள். வாதியின் மொழியை முன்சீப் அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்: கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டுத் தறிகளுக்கெல்லாம் தார் சுற்றியது நான்தான், என்கிறார் அவர். அவ்வளவுதான் எங்கள் பெரிய பாட்டியின் குரல். வம்சாவளி அச்சிட்டவர்கள் அவரை நீக்கினார்கள். கோர்ட்டு அவரை வைத்திருந்தது. அடுத்த மலரில் அவர் பெயர் சேர வேண்டும் என்று நான் சொன்னபோது, வீட்டில் இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பேசாமல் இருக்கட்டும். பெயர் சேரும்.

பெண்களைத் தேடுவதற்கு வேறு நல்ல வழி நமக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாஞ்சில் வேளாளர் வீடுகளில் மருமக்கள் வழி இருந்த காலத்தில் எத்தனை வழக்குகள் நடந்தன என்பதைக் கவிமணியின் மான்மியத்தைப் படித்தவர்கள் ஊகிக்கலாம். 1926-இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகே அந்த முறை தளர்ந்தது. ஜெயமோகன் எழுதி மதுபால் இயக்கிய "ஒழிமுறி" என்ற மலையாளப் படம் 2012-இல் வந்தது. வயதான ஒரு தாய் விவாகரத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகிறார். அந்த வழக்கின் வழியாகத்தான் மகனுக்கே தன் குடும்பக் கதை தெரிய வருகிறது. நம் எல்லைப்புறத்துக் கதைதான் அது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இதில் பெரிய செய்தி உண்டு. 1916-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, மகளுக்கு மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். அதுவும் ஸ்திரீதனம் வாங்காதிருந்தால். 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே இந்த அநீதி நீங்கியது. ஆனால் அதே பழைய சட்டத்தில் ஒரு விலக்கு இருந்ததைப் பலர் அறியார். திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை முதலிய தாலுகாக்களில், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு கொடுக்கும் வழக்கமுடைய சில லத்தீன் கத்தோலிக்கருக்கும் சில புராட்டஸ்டண்டுகளுக்கும் அந்தப் பிரிவுகள் பொருந்தா என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. நம் ஊரில் மகளுக்குச் சமபங்கு கொடுத்த குடும்பங்கள் நூறாண்டுக்கு முன்பே இருந்தன என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? உங்கள் குடும்பம் எந்த வழக்கத்தில் இருந்தது என்பதை ஒரு பழைய தீர்ப்பு சொல்லிவிடும்.

பெயரில்லாதவர்களின் பெயர்

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம். நிலமே இல்லாதவர்கள் எந்த வழக்கில் வருவார்கள்? நிலத்தோடு சேர்ந்த சொத்தாக வருவார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை முழுவதுமாக ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பு ஆள் விற்ற ஓலைகள் உண்டு. அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் அப்படிப்பட்டவை இருப்பதை அ.கா. பெருமாள் பதிப்பித்த நூலில் காணலாம். அந்த ஓலைகளில் விற்றவர் பெயர், வாங்கியவர் பெயரோடு, விற்கப்பட்டவரின் பெயரும் இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தங்கள் முன்னோரைத் தேடும்போது இதே நிலைதான். 1870 மக்கள்தொகைக் கணக்குக்கு முன்பு அவர்களில் பெரும்பாலோருடைய பெயர் கணக்கில் எழுதப்படவில்லை. எனவே கவுண்டி கோர்ட்டுகளில் இருக்கும் பழைய எஜமானர்களின் சொத்துப் பட்டியல்களைப் புரட்டி, மாட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் எழுதியிருக்கும் பாட்டன் பெயரைக் கண்டுபிடிக்கிறார்கள். அது அவமானம் எழுதினவர்களுக்குத்தான், எழுதப்பட்டவர்களுக்கு அல்ல. நம்மிலும் அப்படித் தேட வேண்டிய குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு நம் சங்கம் துணை நிற்க வேண்டும்.

இதில் வயிற்றுப்பாட்டு விஷயமும் உண்டு. தாழ்த்தப்பட்ட சாதிச் சான்றிதழுக்குப் போகும் நம் பிள்ளைகளிடம், 10-8-1950 அன்று உன் முன்னோர் எங்கே குடியிருந்தார் என்று கேட்கிறார்கள். பள்ளிப் பதிவும் வரிச் சீட்டும் இல்லாத வீடுகள் ஏராளம். அந்தத் தேதிக்கு முன் நடந்த ஒரு வழக்கில் பாட்டனார் சாட்சியாக வந்து, பெயரும் ஊரும் சொல்லிப் போயிருந்தாலே, அது ஒரு துணைச் சான்றாக நிற்கும்.

படிப்பதற்கு முன்

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். வாதி சொன்னது எல்லாம் உண்மையல்ல. வாதியின் கட்சி, அவ்வளவுதான். பிரதிவாதியின் பத்திரிகையையும் தீர்ப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும். சாட்சி சொன்ன வயது பெரும்பாலும் குத்துமதிப்பு.

ஆண்டுக் கணக்கு கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆவணி (மலையாளத்தில் சிங்ஙம்) முதல் டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். நம் பெரியவர்கள் சொல்லும் 99 வெள்ளம், 1099 கர்க்கடகம். அதாவது 1924 ஜூலை. பணக் கணக்கில் சர்க்கார் ரூபாய்க்கு 7 பணம், பணத்துக்கு 4 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு.

சொற்களும் ஏமாற்றும். "அன்யாயம்" என்றால் அநீதி அல்ல, பிராது. "மொழி" என்றால் பாஷை அல்ல, வாக்குமூலம். "விதி" என்றால் தலையெழுத்து அல்ல, தீர்ப்பு. சில சமயம் இரண்டும் ஒன்றாகிவிடுவதும் உண்டு!

எங்கே தேடுவது? முதலில் உங்கள் வீட்டுப் பரணில். கோர்ட்டில் தாக்கல் செய்த ஆதாரங்களை வழக்கு முடிந்ததும் கட்சிக்காரர் திரும்ப வாங்கிக் கொள்வது வழக்கம். பழைய ஆதாரத்தின் உள்ளே முன்னாதார விவரத்தில் வழக்கு நம்பர் இருக்கும். அந்த நம்பர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு எந்த கோர்ட்டு என்று பார்க்க வேண்டும். இங்கேதான் 1956 குறுக்கே வருகிறது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. பாறசாலையில் வீடும் களியக்காவிளைக்கு அப்பால் விளையும் இருந்த குடும்பத்துக்கு ஒரு கட்டு நெய்யாற்றின்கரையில் இருக்கும், இன்னொன்று குழித்துறையிலோ பத்மநாபபுரத்திலோ நாகர்கோவிலிலோ இருக்கும். மேல்முறையீடு வரை போன முக்கியமான வழக்குகள் திருவிதாங்கூர் லா ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கலாம். பழைய வக்கீல்களின் நூலகங்களில் பாருங்கள். இன்னும் முந்தைய ஓலைச் சுருணைகளுக்குத் திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியிலுள்ள சென்ட்ரல் ஆர்க்கைவ்ஸ் இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறந்தார்கள். வழக்கில் கட்சியாக இல்லாதவரும் தகுந்த காரணம் காட்டி மனுக் கொடுத்தால் சான்றிட்ட நகல் பெற வழியுண்டு.

ஆனால் காலம் அதிகமில்லை. ஆவணங்களை அழிப்பதற்கென்றே 1917-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன் கீழ் வந்த விதிகளின்படி, தீர்ப்பையும் டிக்ரியையும் நீண்ட காலம் வைத்துக்கொண்டு, மனுக்களையும் வாக்குமூலங்களையும் தவணை முடிந்ததும் அழித்துவிடுகிறார்கள். இடமில்லை என்ற அவர்கள் கஷ்டமும் நியாயமானதே. மத்திய அரசு 2023-இல் இ-கோர்ட்டு மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் 2,038 கோடிக்கு மேல் பழைய கட்டுகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுவதற்காக. நல்ல காரியம். ஆனால் படமெடுத்து வைத்ததைப் படிப்பது யார்?

நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். நம் பிள்ளைகள் கேரளத்தில் படித்து மலையாள எழுத்தைச் சரளமாக வாசிக்கிறார்கள். தமிழ்ச் சொல் தெரியவில்லை. ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து வரும் நம் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியும். மலையாள எழுத்து தெரியாது. கோர்ட்டுக் கட்டோ இரண்டும் கலந்து கிடக்கிறது. இரண்டும் தெரிந்த தலைமுறை எழுபதைத் தாண்டிவிட்டது. நாங்கள் போய்விட்டால் அந்தக் காகிதங்கள் இருந்தும் ஊமைதான்.

ஆகவே சங்கத்துக்கு என் யோசனை இது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பழைய ஆதாரமோ தீர்ப்பு நகலோ வைத்திருப்பவர்கள் கொண்டு வரட்டும். ஒரு பெரியவரும் ஒரு பள்ளிப் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். எழுத்து பிள்ளைக்கு, அர்த்தம் பெரியவருக்கு. படித்ததை ஒரு நோட்டில் நல்ல தமிழில் எழுதி வைப்போம். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு மேசையும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும்.

அடுத்த முறை குடும்ப மலர் அச்சிடும்போது, மகாராஜா அழைத்த கதையை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் தார் சுற்றின பெரிய பாட்டிக்கும் ஒரு வரி இருக்கட்டும்.